வேற்றுலகின் காற்றும் எமது கல்வியும்

பழைய மாணவர் ஒருவர், சல்லி

கடலின் மணம் இத்தன்மைத்து என்று திருகோணமலை வாசிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உப்புவெளியிலிருந்து சாம்பல்தீவு, சல்லி, நிலாவெளி என வடக்கு நோக்கி நீளும் கரையில் வாழ்வோர் அதனை மூச்சோடு மூச்சாக உட்கொண்டு வளர்ந்தவர்கள். அதனை உப்பின் மணம் என்றே பலரும் கூறுவர். ஆயின், உப்புக்கு மணமில்லை. கடல்நீரில் மிதந்து வாழும், கண்ணுக்குப் புலனாகாத நுண்தாவரங்கள் தம் உடலில் ஒரு சேர்வையை ஆக்குகின்றன. அதனைப் பற்றீரியங்கள் சிதைக்கும்போது இருமெதைல் சல்பைட்டு என்னும் வாயு வெளிப்படுகின்றது. கடல் மணம் என்று நாம் கூறுவதிற் பெரும்பங்கு இவ்வாயுவினுடையதே. கடலில் உயிர்கள் வாழ்தலால் எழும் மணம் அது.

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இவ்வாயுவின் பெயர் உலகப் பத்திரிகைகளின் முதற் பக்கத்தில் ஏறிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வானியலறிஞர் நிக்கு மதுசூதன் என்பவரும் அவர்தம் குழுவினரும், 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18 பி என்னும் கோளின் வளிமண்டலத்தில் இருமெதைல் சல்பைட்டோ, அதனோடு நெருங்கிய உறவுடைய இன்னொரு கந்தகச் சேர்வையோ, அல்லது அவ்விரண்டுமோ இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டதாக அறிவித்தனர். மதுசூதன் இந்தியாவிற் பிறந்து வாரணாசியிற் பொறியியல் பயின்றவர். எம் வாயிற் கடலின் மணம் வேற்றுலகொன்றிலும் உண்டாம் என்ற செய்தி எவர் மனத்தையும் கவரத்தக்கதே.

அச்செய்தியை எம்மவர் ஏற்ற விதம் இரண்டு வகைப்பட்டது. ஒரு சாரார், வேற்றுக்கோளில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று துணிந்து கூறினர். சில மாதங்களுக்குள் வேறு அறிஞர்கள் அம்முடிவை மறுத்து எழுதியபோது மற்றொரு சாரார், விஞ்ஞானிகள் இன்று ஒன்றும் நாளை ஒன்றும் கூறுவோர், அவர்தம் சொல் நம்பத்தக்கதன்று என்று கைவிரித்தனர். இவ்விரு சாராரும் எதிரெதிர்த் திசையில் நிற்பவர்போற் தோன்றினும் ஒரே பிழையையே செய்கின்றனர் என்பது எனது துணிபு. அடையாளம் வேறு, நிரூபணம் வேறு என்பதை இரு சாராருமே அறிந்திலர். இவ்வேறுபாட்டை அறிவிப்பதே பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பதன் தலையாய பயன் என்பதையும், அப்பயனை எமது கல்வி இன்று தரவில்லை என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், அத்துணைத் தொலைவிலுள்ள காற்றை எவ்வாறு சோதிக்கின்றனர் என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். ஆய்வுகூடத்திற் பன்சன் சுடரொன்றிற் சிறிது கறியுப்பைத் தூவினால் சுடர் மஞ்சள் நிறம் பெறுகின்றது. அவ்வொளியை அரியத்தினூடே பார்த்தால் மஞ்சட் பகுதியில் நெருங்கிய இரு கோடுகள் தோன்றும். அவை சோடியத்துக்கே உரியவை. அவ்வாறே ஒவ்வொரு மூலகமும் ஒவ்வொரு சேர்வையும் ஒளியில் தனக்கெனச் சில நிறங்களை உமிழ்கின்றது. குளிர்ந்த வாயுவாக ஒளியின் வழியில் நிற்குமாயின் அந்நிறங்களையே உறிஞ்சுகின்றது. நிறமாலையில் எவ்விடத்து இருள் விழுந்துள்ளது என்று பார்த்து இடையில் நின்ற பொருள் யாது என்று கூறலாம்.

ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் முகத்தைக் கடந்து செல்லும்போது நட்சத்திர ஒளியில் ஒரு சிறு பங்கு அக்கோளின் வளிமண்டல விளிம்பினூடே வந்து எம்மை அடைகின்றது. அவ்வொளியின் நிறமாலையிற் புதிதாக விழும் இருளே அக்கோளின் காற்றைப் பற்றிய கடிதம். ஆனால் அக்கடிதம் மிக மங்கலான மையால் எழுதப்பட்டது. கே2-18 பி தன் நட்சத்திர ஒளியில் ஆயிரத்தில் மூன்று பங்களவையே மறைக்கின்றது. அதன் வளிமண்டலத்திலுள்ள வாயுக்கள் விடும் தடமோ பதினாயிரத்தில் ஒன்றிரண்டு பங்களவே. நட்சத்திரத்தின் மேற்பரப்பிலுள்ள கறைகளும், கருவியின் சிறு நடுக்கமும், கணக்கிடும் முறையில் நேரும் வேறுபாடும் அத்தடத்தின் அளவுக்கு வந்துவிடக் கூடியவை.

2001ஆம் ஆண்டில், சூரியனையொத்த நட்சத்திரமொன்றைச் சுற்றும் எச்டி 209458 பி என்னும் கோளின் வளிமண்டலத்திற் சோடியத்தின் தடத்தை அபிள் தொலைகாட்டியாற் கண்டதாக அறிவித்தனர். சூரியத் தொகுதிக்கு அப்பாலுள்ள கோளொன்றின் காற்றைப் பற்றி மனிதர் பெற்ற முதற் செய்தி அதுவே. நிலாவெளி உப்பளத்து உப்பிலுள்ள அதே மூலகம்! ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின், மேலும் நுண்ணிய கருவிகொண்டு பார்த்தோர், நட்சத்திரம் சுழல்வதாலும் அதன் விளிம்பும் நடுவும் ஒரே தன்மையன அல்லாமையாலும் அத்தகைய தடம் தோன்றக்கூடும் என்று காட்டி, அம்முடிவையும் மீள ஆராய்ந்தனர். இத்துறையில் முதலாவது செய்தியே இவ்வாறு மறுபரிசீலனைக்கு உட்பட்டதெனின், பின்வருவனவற்றை எத்துணை அவதானத்தோடு ஏற்றல் வேண்டும் என்பது கூறாமலே விளங்கும்.

இனி, கே2-18 பி பற்றி உண்மையாக அறியப்பட்டது யாது? அது சிங்கராசித் திசையில், சூரியனிலும் சிறியதாய்ச் செந்நிறம் பொருந்திய ஒரு நட்சத்திரத்தை 33 நாட்களுக்கொரு முறை சுற்றுகின்றது. 2015இற் கண்டறியப்பட்டது. புவியைப்போல் ஏறக்குறைய 2.6 மடங்கு ஆரையும், எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவும் உடையது. ஜேம்ஸ் வெப் விண்தொலைகாட்டி அதனை நோக்கியபோது மெதேனும் காபனீரொட்சைட்டும் அதன் காற்றில் உள்ளன என்ற முடிவு 2023இல் வெளிவந்தது. ஐதரசன் நிறைந்த காற்றின் கீழ்ப் பெருங்கடல் ஒன்று இருத்தல் கூடும் என மதுசூதன் குழுவினர் கருதுகின்றனர். அங்கே கடலே இல்லை. உருகிய பாறையோ, அடர்ந்த வாயுவோ மட்டுமே உண்டு என்று கருதுவோரும் உளர். எனவே அக்கோளிற் கடல் உண்டா என்பதே இன்னும் வழக்கிலுள்ள வினா. அக்கடலின் மணத்தைப் பற்றிய வினா அதற்கும் அடுத்தது.

2025இற் கூறப்பட்ட அடையாளம் தற்செயலாய்த் தோன்றியிருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 0.3 என்று அக்குழுவினரே கணக்கிட்டனர். இது மிகச் சிறிய வாய்ப்பன்றோ என்று சிலர் வினவலாம். ஆயிரம் இடங்களில் தேடுவோர்க்கு ஆயிரத்தில் மூன்று என்பது எளிதில் நேரக்கூடியது. ஆதலின் இத்துறையோர் கண்டுபிடிப்பு என்ற பெயரை அளிப்பதற்கு அவ்வாய்ப்பு நூற்றுக்கு 0.00006க்கும் குறைவாதல் வேண்டும் என்று வரையறுத்துள்ளனர். தம் முடிவைத் தாமே ஐயுற்றுச் சோதித்தல் வேண்டும் என்று மதுசூதனும் அப்பொழுதே கூறினார். அவ்வெச்சரிக்கை தலைப்புச் செய்தியில் இடம்பெறவில்லை.

பின்னர் நிகழ்ந்தது யாது? வேறு குழுவினர் அதே தரவுகளை எடுத்து வேறு முறைகளாற் கணக்கிட்டனர். இருமெதைல் சல்பைட்டு வேண்டாமலே, வேறு பல சேர்வைகளைக் கொண்டும் அவ்வரைபை விளக்கலாம் என்று சிலர் காட்டினர். எவ்வகை ஏற்ற இறக்கமும் இல்லாத ஒரு நேர்கோடே அத்தரவுகளுக்குப் போதும் என்று வேறொருவர் காட்டினார். அஃதன்றியும், அவ்வாயு உயிரினாலன்றித் தோன்றாது என்ற எண்ணமும் ஆட்டங்கண்டது. உரோசெற்றா விண்கலம் சென்றாய்ந்த வால்வெள்ளி ஒன்றிலும் அவ்வாயு இருந்ததென்று 2024இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆய்வுகூடத்தில், உயிர் சிறிதும் கலவாத வாயுக்கலவையின்மேல் ஊதாக்கடந்த ஒளியைச் செலுத்தியபோதும் அது தோன்றிற்று. இன்றுவரை அக்கோளில் அவ்வாயு உண்டென்பதும் உறுதிப்படவில்லை, இல்லையென்பதும் உறுதிப்படவில்லை.

அங்ஙனமாயின் உயிரின் அடையாளம் என்று எதைத்தான் கொள்வது? இதற்கு விடையாக 1965இல் ஜேம்ஸ் லவ்லொக் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு வழி கூறினார். ஒன்றையொன்று அழிக்கும் இரு வாயுக்கள் ஒருங்கே நீடித்து இருக்குமாயின் அங்கே ஐயுற இடமுண்டு என்பது அவர் கருத்து. எமது காற்றில் ஒட்சிசனும் மெதேனும் சேர்ந்திருக்கின்றன. பஞ்சும் நெருப்பும் ஓரறையில் நெடுங்காலம் இருத்தல் இயலாதவாறுபோல் இவையும் இருத்தல் இயலாது. காற்றிற் கலந்த மெதேன் பத்தாண்டளவில் ஒட்சியேறி மறைந்துபோகும். ஆயினும் அது குறையாதிருக்கின்றது. எனவே, யாரோ அல்லது எதுவோ அதனை இடைவிடாது நிரப்பிக்கொண்டிருத்தல் வேண்டும். சதுப்பு நிலங்களும், நெல்வயல்களும், மாடுகளும் அதனை நிரப்புகின்றன. 1990 டிசெம்பரில் கலிலியோ விண்கலம் வியாழனை நோக்கிச் செல்லும் வழியிற் புவியை அணுகியபோது, கார்ல் சேகனும் அவரது கூட்டாளிகளும் அக்கலத்தின் கருவிகளால் எமது புவியையே வேற்றுக்கோள் போலச் சோதித்தனர். ஒட்சிசன் மிகுதி, மெதேன், இலைகளின் பச்சையத்தால் ஒளியில் விழும் தடம், அறிவுடையோர் அனுப்பும் வானொலி அலைகள் ஆகிய பலவற்றையும் சேர்த்துப் பார்த்தே இங்கு உயிர் உண்டு என்று 1993இல் எழுதினர். தாம் வாழும் புவிக்கே அவர்கள் ஒரு சான்றோடு அமையவில்லை என்பது கருதத்தக்கது.

இம்முறை எம் ஊரவர்க்கு அந்நியமானதன்று. கரைவலை வளைக்கக் காத்திருப்போர் பறவையொன்று நீரிற் பாய்ந்ததை மட்டும் கண்டு தோணியைத் தள்ளுவதில்லை. நீரின் நிறம் கறுத்துள்ளதா, மேற்பரப்பிற் சலசலப்பு உண்டா, நீரோட்டம் எப்பக்கம், காற்று எப்பக்கம் என்று நோக்குவர். பறவை வேறு காரணத்தாலும் பாயலாம். நீர் மேகத்தின் நிழலாலும் கறுக்கலாம். பல அடையாளங்கள் ஒருமுகமாய் நின்றாலன்றி நாற்பது பேருடைய உழைப்பை அவர்கள் கடலில் இடார். எழுத்தறியாத முதியோரிடம் இருந்த இவ்வறிவு, பட்டம் பெற்ற பின் எம்மிற் பலரைவிட்டு நீங்கிவிடுதல் வியப்புக்குரியது.

வரலாற்றைப் பார்ப்போம். 1950களின் பிற்பகுதியில் வில்லியம் சிந்தன் என்னும் அமெரிக்க வானியலறிஞர் செவ்வாயின் ஒளியை ஆராய்ந்து, அங்கே தாவரங்கள் உண்டு என்று எண்ணுதற்கு இடமளிக்கும் தடங்களைக் கண்டார். அக்காலத்துப் பாடநூல்களிலும் செவ்வாயிற் பாசி போன்ற தாவரங்கள் இருக்கலாம் என்ற கூற்று இடம்பெற்றது. 1965இல் அத்தடங்களில் இரண்டு செவ்வாயினுடையன அல்ல. எமது புவியின் காற்றிலேயே உள்ள பாரநீராவியினால் விழுந்தன என்று நிறுவப்பட்டது. அதனை நிறுவிய கட்டுரையை எழுதிய மூவருள் ஒருவர் அதே சிந்தன் ஆவார். தாம் கட்டிய மாளிகையைத் தாமே நின்று இடிப்பதற்கு எத்துணை மனத்திண்மை வேண்டும்! அவரைப் பொய்யர் என்பதா, அன்றி விஞ்ஞானி என்பதா? இதற்கு விடை கூறத் தெரிந்த மாணவன், சூத்திரங்கள் நூறு மனனஞ் செய்தவனிலும் மேலானவன்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில், வேணு பாப்பு அவர்களின் தலைமையில், ஒரு மீற்றர் விட்டமுடைய தொலைகாட்டி 1972இல் நிறுவப்பட்டது. அவ்வாண்டு யூன் 7ஆந் திகதி வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. நட்சத்திரத்தின் ஒளி மறைந்த விதத்தைக் காவலூரிலும் சாவகத்தின் லெம்பாங்கிலும் இருந்து அளந்த அறிஞர்கள், கனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்று முடிவுசெய்தனர். தமிழ் மண்ணிலிருந்து வேற்றுலகின் காற்றைக் கண்ட பெருமை அது. ஆயின் 1979இல் வொயேஜர் விண்கலம் அவ்வழியே சென்றபோது, அங்கு காற்று இருப்பினும் அது முன்னர்க் கூறியதினும் பல்லாயிர மடங்கு மெல்லியது என்று தெரிந்தது. பின் 1990களில் அபிள் தொலைகாட்டி அங்கே ஒட்சிசன் உண்டென்று கண்டது. காற்று உண்டு என்றது ஒருவகையில் உண்மையாயிற்று. அதன் அளவு பிழையாயிற்று. அவ்வொட்சிசனும் எவ்வுயிராலும் ஆனதன்று. வியாழனைச் சூழ்ந்த மின்துணிக்கைகள் பனிக்கட்டியிற் பாய்ந்து நீரைப் பிளத்தலால் எழுவது. ஒட்சிசன் என்ற ஒன்றை மட்டும் கண்டு உயிர் என்று கூவுதல் தகாது என்பதற்குக் கனிமீடே சான்று.

எமது தீவிலும் இத்துறையிற் பெயர் பெற்ற ஒருவர் தோன்றினார். 1923இற் காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்று, பின் இலண்டனில் இரசாயனமும் கற்று, அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தார். 1969 செத்தெம்பர் 28இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் ஊரில் விண்கல் ஒன்று வீழ்ந்தது. அவரும் அவருடன் பணியாற்றியோரும் அதனுட் புரதத்தின் அடிப்படைப் பொருளாகிய அமினோ அமிலங்களைக் கண்டனர். வானிலிருந்து வந்த கல்லில் உயிரின் செங்கற்கள்! அக்கணமே உயிர் என்று அவர்கள் கூறியிருப்பின் உலகம் முழுவதும் கேட்டிருக்கும். அவர்கள் அவ்வாறு கூறவில்லை. அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல ஒன்றன் பிம்பம் ஒன்றாய் இரு வடிவில் அமையும். புவியின் உயிர்களிற் புரதத்தை ஆக்குவன இடக்கை வடிவினவே. அக்கல்லிலோ இரு வடிவும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. எனவே அவை புவியின் அழுக்காற் கலந்தனவும் அல்ல. உயிரினால் ஆக்கப்பட்டனவும் அல்ல. விண்ணில் இரசாயன முறையால் ஆனவை என்று 1970இல் எழுதினர். உயிர் என்ற சொல் நாவின் நுனியில் நிற்க அதனைச் சொல்லாது விட்ட அவ்வடக்கமே அவ்வாய்வின் புகழுக்குக் காரணமாயிற்று.

இங்கு ஒருவர் எழுந்து, வலையில் மீனில்லாத காலத்தில் வேற்றுக்கோளின் காற்றைப் பற்றிய பேச்சு எமக்கு எதற்கு என்று வினவலாம். நியாயமான வினா. அதற்கு விடை எமது கரையிலேயே உண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்தபோது எமக்கு எவ்வித அறிவிப்பும் கிட்டவில்லை. அதன் பின்னர் நெடுங்காலம், கடல் வருகின்றது என்று எவரேனும் ஒருவர் கூவினாற் போதும், கரையோரம் முழுவதும் ஓடிற்று. 2012 ஏப்பிரல் 11இற் சுமாத்திராவின் மேற்கே 8.6 அளவுடைய நிலநடுக்கம் நேர்ந்தது. முறைப்படி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மக்கள் கரையைவிட்டு அகன்றனர். சில மணி நேரத்தின் பின் எச்சரிக்கை நீக்கப்பட்டது. பேரலை வரவில்லை. அந்நடுக்கத்திற் கடலடித்தளம் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததேயன்றி நீரை மேலே தூக்கும் வண்ணம் எழவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது.

அன்று எச்சரித்தவர் பொய்யுரைத்தாரா? இல்லை. கையிலிருந்த சான்றுக்கு அதுவே தக்க முடிவு. நீக்கியவர் முன்னையவரை மறுத்தாரா? அதுவும் இல்லை. கடல்மட்டத்தை அளந்த கருவிகளிலிருந்து புதிய சான்று வந்தது; முடிவு மாறிற்று. இவ்வேறுபாட்டை உணராத மக்களுக்கு இரு கேடுகள் உள. வதந்திக்கெல்லாம் ஓடுவது ஒன்று. இருமுறை ஓடி ஏமாந்தபின் மூன்றாவதாக வரும் மெய்யான எச்சரிக்கைக்கும் ஓடாதிருப்பது மற்றொன்று. பின்னையது உயிரையே கொள்வது. வேற்றுக்கோளைப் பற்றிய செய்தியை எவ்வாறு படிப்பது என்று அறிந்த மாணவன், கடலைப் பற்றிய செய்தியையும், மருந்தைப் பற்றிய செய்தியையும், அயலாரைப் பற்றிய செய்தியையும் அவ்வாறே படிப்பான். கோள் தொலைவில் உள்ளது. பழக்கமோ வீட்டில் வேண்டுவது.

மற்றொரு கூற்றையும் கருதுதல் தகும். அண்டங்கள் எண்ணிறந்தன என்பது எமது சமய நூல்கள் முன்னரே கூறியதன்றோ, திருவாசகத்தின் திருவண்டப்பகுதியிற் காணாததையா இவர்கள் காணப்போகின்றனர் என்று கூறுவோர் எம்மிடையே உளர். அண்டத்தின் பெருமையை நினைந்து இறைவன் முன் மனிதன் தன் சிறுமையை உணர்தல் பத்தியின் பயன். கே2-18 பியின் காற்றில் மெதேன் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று அறிதல் அளவையின் பயன். முன்னதைப் பின்னதற்குச் சான்றாக நிறுத்துவோர் சமயத்துக்கும் நன்மை செய்யவில்லை. விஞ்ஞானத்துக்கும் நன்மை செய்யவில்லை. நாளை அவ்வளவு மாறும். அதனோடு சேர்த்துக் கட்டிய நம்பிக்கையும் ஆட்டங்காணும். திருகோணமலையிற் கல்விப் பணியாற்றிய சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். துறவு பூண்ட பின்னரும் 1930களிற் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானத்தை அதன் சொற்களிலேயே தமிழிற் கூறவேண்டும் என்று உழைத்த அவர் வழியில் வந்தோர், இரண்டையும் அததற்குரிய பீடத்தில் வைத்துப் போற்றக் கற்றல் வேண்டும்.

இனி எமது வகுப்பறைக்கு வருவோம். மாணவனுக்கு நாம் முதலிற் கற்பிப்பது, எவ்வினாவையும் விடையின்றி விடாதே என்பது. தெரியாவிடினும் ஏதேனும் எழுது, அரைப் புள்ளியாவது கிட்டும் என்று வகுப்புத்தோறும் அறிவுரை கூறப்படுகின்றது. தரப்பட்ட சான்று போதாது, ஆதலின் இதற்கு இப்பொழுது விடை கூறல் இயலாது என்று ஒரு மாணவன் எழுதினால் அவனுக்குப் புள்ளியில்லை. ஆயினும் சிந்தனும், பொன்னம்பெருமவும், 2025இன் தரவுகளை மீளக் கணக்கிட்டோரும் எழுதிய விடை அதுவேயன்றோ? பரீட்சையை நாம் மாற்றல் இயலாது. எமது கல்லூரியின் தவணைச் சோதனைகளில், சான்று போதாத வினா ஒன்றையேனும் வேண்டுமென்றே வைத்து, போதாது என்பதைக் காரணத்தோடு காட்டுவோர்க்கு முழுப் புள்ளி அளித்தல் ஆசிரியர் கையில் உள்ளது. அதற்குப் பணம் வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, விஞ்ஞானச் சங்கத்தார் ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். இடப்பக்கத்தில் முதற் செய்தியையும், வலப்பக்கத்தை வெறுமையாகவும் விட்டு, ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதே பொருளைப் பற்றி வரும் மறுசெய்தியை அங்கே ஒட்டுதல் வேண்டும். வெள்ளியின் மேகங்களிற் பொசுபீன் என்னும் வாயு உண்டென்று 2020இல் வந்த செய்தியும், அதன்மேல் இன்றுவரை நடக்கும் வாதமும் அதில் முதற் பக்கமாய் அமையலாம். வலப்பக்கங்கள் நிரம்பி வரும்போது, எச்செய்தி நிலைத்தது, எது நிலைக்கவில்லை, எதற்கு இன்னும் காத்திருக்க வேண்டும் என்பது மாணவர்க்குத் தாமே புலனாகும். எத்தனை விரிவுரைகளும் இதற்கு ஈடாகா.

மூன்றாவது வேண்டுகோள் பழைய மாணவர்க்கு. யூபிலி ஆண்டு வந்தால் வளைவு கட்டுவதும், கல்லிற் பெயர் பொறிப்பதும், மேடைக்குத் திரை வாங்குவதும் நாம் வழக்கமாகச் செய்வன. அவற்றை வேண்டாமென்று கூறேன். அச்செலவிற் சிறு பகுதியை ஒதுக்கினால் நல்ல நிறமாலைகாட்டி ஒன்றும், எளிய தொலைகாட்டி ஒன்றும் ஆய்வுகூடத்துக்கு வந்துவிடும். அது வரும் வரையும் காத்திருக்க வேண்டுவதுமில்லை. பழுதான இறுவட்டின் துண்டொன்றும், சிறு வெடிப்பு வெட்டிய அட்டைப்பெட்டியொன்றும் கொண்டு எட்டாம் வகுப்பு மாணவனே ஒரு நிறமாலைகாட்டியை ஆக்கலாம். சூரியனை மட்டும் அதனூடே நேரே நோக்கலாகாது. உப்புத் தூவிய சுடரையும், வீதி விளக்கையும், வீட்டு விளக்கையும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பார்த்து, எது எப்பொருளின் ஒளி என்று அவனே கூறட்டும். ஒருமுறை பிழையாகக் கூறட்டும். ஏன் பிழை என்று அவனே காணட்டும். துறைமுகத்தின் விளக்கொளி மங்கும் சல்லிக் கரையில், நிலவில்லாத இரவொன்றில், சிங்கராசி எங்கே என்று அவனுக்குக் காட்டுவோரும் வேண்டும். கே2-18 என்ற நட்சத்திரம் வெறுங்கண்ணுக்குத் தோன்றாது; அது நிற்கும் திசை தோன்றும். தலைப்புச் செய்தியிற் பெயராக மட்டும் இருந்தது அன்று ஓரிடமாகும்.

எமது வாழ்நாளிலேயே வேற்றுக்கோளொன்றின் காற்றில் உயிரின் ஐயமற்ற தடம் காணப்படலாம், காணப்படாமலும் போகலாம். இதுவரை 6000க்கு மேற்பட்ட வேற்றுக்கோள்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் வளிமண்டலம் ஆராயப்பட்டவை மிகச் சிலவே. தேடல் இப்போதுதான் தொடங்கியுள்ளது. உண்மையான செய்தி வரும் நாளில் அது ஒரே அறிவிப்பாக வாராது. ஒரு கருவி கூறியதை மற்றொரு கருவி உறுதிசெய்து, ஒரு குழு கணக்கிட்டதைப் பகைக்குழு சரிபார்த்து, உயிரல்லாத காரணங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழிந்தபின், பெரிய எழுத்தில் அச்சிட ஏதுமில்லாதவாறு மெல்ல வந்து நிற்கும். அவ்வேளை அதனை இனங்காணும் கண், இன்று வருவனவற்றை நிறுத்துப் பார்த்துப் பழகிய கண்ணாகவே இருக்கும். ஆண்டு பல கண்ட எமது கல்லூரி இனி ஆக்கவேண்டுவது அத்தகைய மாணவரையே. அதற்கு ஆசிரியர் தம் வினாத்தாளிலும், மாணவர் தம் பதிவேட்டிலும், பழைய மாணவர் தம் பணப்பையிலும் சிறிது இடம் ஒதுக்குவாராக.